வேப்பெண்ணெயும் எண்ணெய்தான்

தெல்லிப்பழையில் அண்ணையின் காணியில் ஒரு முந்திரிகைப் பந்தல், திராட்சைக் கொடிதான், போட்டிருந்தேன். முதல் வருடம் குலையெல்லாம் சாம்பல் பூத்து, வெடித்து உதிர்ந்தது.

"இந்த முறையும் பழம் வராட்டி வெட்டிப்போட்டு வெங்காயம் நடுவன்," என்றார் அண்ணை.

சொன்னால் செய்வார். என்னுடையது என்று சொல்ல அந்தப் பந்தலை விட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை.

இரண்டாம் வருடம் நன்றாகக் காய் பிடித்தது. எனக்குப் பயமும் பிடித்தது. ஒரு நாளைக்கு ஐந்து தரம் இலைகளைப் புரட்டிப் பார்ப்பேன். ஒரு திங்கட்கிழமை ஓரிலையில் மா தூவினதுபோல் வெள்ளை தெரிந்தது. உடனே சவர்க்காரத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தேன். புதனன்று இன்னும் இரண்டு இலையில் வெள்ளை. மனம் கேட்கவில்லை, கடைக்குப் போய்க் கந்தகம் வாங்கினேன்.

"வெயிலுக்கை அடிச்சிடாதேங்கோ அக்கா. சூட்டிலை இலையை எரிச்சுப்போடும்," என்றார் கடைக்காரர்.

"பின்னேரம் அடிக்கலாமோ?"

"ஓம், வெயில் தாழ்ந்தாப் பிறகு."

பொதியில் சிங்களமும் ஆங்கிலமும் பெரிதாக இருந்தன, தமிழ் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தேன். எண்ணெய் தெளித்திருந்தால் பதினாலு நாளைக்கு இதைப் பாவிக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. வாசிக்காமல் விட்டிருந்தாலாவது சொல்லி ஆறலாம். மண்ணெண்ணெயைத்தான் சொல்கிறார்களாக்கும், அதை யார் முந்திரிகைக்கு அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வேப்பெண்ணெய் எனக்கு மருந்து.

கந்தகத்துக்கும் எண்ணெய்க்கும் பகை என்று நான் எங்கே கண்டேன்? சின்ன வயதில், இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது உடம்பெல்லாம் சொறி. பக்கத்தில் இருக்கப் பிள்ளைகள் மறுத்ததால்தான் என் பள்ளிக்கூடம் நின்றது. அதைச் சுகப்படுத்தியது தேங்காய் எண்ணெயில் குழைத்த கந்தகம். சொறிப் பூச்சியைக் கொன்றது, தோலை விட்டுவைத்தது. பிறகு ஒருவரும் என்னைப் பள்ளிக்கு அனுப்ப நினைக்கவில்லை.

அந்த மஞ்சள் தூள் தண்ணீரில் கரையாது, அடியில் போய் இருந்துவிடும். கலக்கிக் கலக்கிப் பின்னேரம் அடித்தேன். பயத்தில் ஒரு கரண்டி கூடவும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை இலை விளிம்புகள் கருகின. ஞாயிற்றுக்கிழமை காய்களின் தோலும் சொரசொரத்துப் போயிற்று. பக்கத்து வீட்டு மச்சாள் வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"மருந்து அடிச்சனியோ, தணல் கொட்டினனியோ?"

நான் சொல்லியனுப்ப, விவசாயத் திணைக்களத்துப் போதனாசிரியை வந்து ஓரிலையைக் கசக்கிப் பார்த்தாள்.

"அன்ரி, முதல் என்ன அடிச்சனீங்கள்?"

"வேப்பெண்ணெய் மட்டுந்தான்."

"அதுவும் எண்ணெய்தானே. தனிக் கந்தகம் இலைக்கு மேலை நிண்டு பூஞ்சணத்தை மட்டும் கொல்லும். எண்ணெய் அதை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போயிடும்." பிறகு கொடியின் அடியைக் கீறிப் பார்த்தாள். "வேர் நல்லாயிருக்கு. கத்தரிச்சு விடுங்கோ, திரும்பத் தளிர்க்கும்."

மறுநாள் அண்ணை கத்தியோடு வந்தார்.

"என்னவாம் அந்த விவசாயப் பிள்ளை?"

"எரிஞ்சு போச்சாம்."

"அதை நானே சொல்லியிருப்பன்."

வேரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். இன்னொரு வருடம் இலை புரட்ட வேண்டும், கடைசியில் அதுவும் என் கையாலேயே கெட வேண்டும். எனக்கு ஏலாது. பந்தல் கம்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அடியை வெட்டிய அண்ணை குனிந்து பார்த்தார்.

"உள்ளுக்கை பச்சையாய், ஈரமாயெல்லோ கிடக்கு," என்றார்.

"ஓம்," என்றேன்.