கம்பியில் நடப்பவன்

எனக்கு உயரம் என்றாலே பயம். மொட்டைமாடியில் வடகம் காயவைக்கப் போனால்கூடக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போக மாட்டேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லைன்மேன். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப் பக்கம் கரண்ட் கம்பி எங்கே அறுந்தாலும் இவர்தான் போஸ்ட்டில் ஏற வேண்டும். காலையில் டிபன் பாக்ஸோடு இடுப்பு பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்கும்வரை என் காது வாசலில்தான் இருக்கும். போகப் போகப் பழகிவிடும் என்று கல்யாணமான புதிதில் எல்லோரும் சொன்னார்கள். இன்னும் பழகவில்லை.

அந்த வீடியோ கேம் எங்கள் வீட்டுக்கு வந்தது என் தம்பியால். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். புதுப் பெட்டி வாங்கியதும் பழைய பெட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். கூடவே ஒரே ஒரு டிஸ்க். அதில் ஒரு சூப்பர் ஹீரோ. நீல உடுப்பு, முகமூடி. கடலோரத்தில் ஒரு பெரிய நகரம். அதில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதன் மேல் வேண்டுமானாலும் ஏறலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. நாள் முழுக்கப் போஸ்ட்டில் ஏறி இறங்கிய மனிதர், வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, மறுபடியும் அங்கே ஏற ஆரம்பித்துவிடுவார். இதில் என்ன ஓய்வு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நான் அந்த விளையாட்டைக் குறை சொல்வதற்கென்றே பிறந்தவள் என்பார் அவர். அது அநியாயம். நல்லதையும் சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவும்போது காதில் காற்று அடிக்கும் சத்தம் அத்தனை நிஜமாக இருக்கும். மழை பெய்தால் கண்ணாடிக் கட்டடங்களில் தண்ணீர் வழியும், தெரு விளக்கு அதில் கலைந்து தெரியும். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். உயரம் என்றால் தென்னை, கோயில் கோபுரம், செல்போன் டவர், அதற்கப்புறம் இவருடைய போஸ்ட்கள். அந்த நகரத்தின் உச்சியில் ஹீரோவை நிறுத்திவிட்டு ஒன்றும் செய்யாமல் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். உயரத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அங்கே மட்டும்தான்.

ஆனால் குறை இல்லாமலா? ஊரைச் சுற்ற விட்டார்களே தவிர, ஊரில் செய்ய வேலை வைக்கவில்லை. கொள்ளைக்காரனை அடி, பொருளைப் பொறுக்கு, மறுபடியும் கொள்ளைக்காரனை அடி. தெருவில் போகிறவர்கள் நாலே வசனத்தை மாற்றி மாற்றிப் பேசுவார்கள். நேற்றுக் காப்பாற்றிய அம்மாளுக்கு இன்றைக்கு அவனை அடையாளம் தெரியாது. நூற்றுக்கணக்கில் வீடுகள் இருக்கும், ஜன்னலில் விளக்கு எரியும், ஒரு கதவும் திறக்காது. கதவைச் சுவரில் வரைந்து வைத்ததோடு சரி. அந்தப் பையன் எங்கே சாப்பிடுகிறான், எங்கே தூங்குகிறான், அவன் திரும்பி வரும்வரை யார் வாசலில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எதுவும் கிடையாது. இதுதான் எனக்குப் பெரிய குறை.

அவருக்குப் பட்ட குறை வேறு. ஹீரோவுக்கு மின்கம்பிதான் ரோடு. ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்துக்குக் கம்பி மேலேயே ஓடுவான்.

“பாரேன், கையில கிளவுஸ் இல்ல, இடுப்புல பெல்ட் இல்ல. எல்.சி. வாங்காமயே ஏறுறான். எங்க இன்ஜினியர் பார்த்தா இவனுக்கு மெமோதான்” என்று சிரிப்பார். லைனில் கரண்ட்டை நிறுத்தியாச்சு, ஏறலாம் என்று கொடுக்கும் அனுமதியைத்தான் அவர்கள் எல்.சி. என்பார்கள்.

சில நேரம் கால் தவறிக் கீழே விழுவான். திரை இருட்டாகும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே கூரையில் பழையபடி நிற்பான். அவர் அதற்கும் சிரிப்பார். எனக்கு மட்டும் அந்த இருட்டைப் பார்க்க முடியாது, எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“நீங்க இப்படித்தானே தினம் கம்பியைத் தொடுறீங்க. பயமே இல்லையா உங்களுக்கு?”

“ஆபீஸ் கரண்டுக்குப் பயம் இல்ல. அது சொன்னா நிக்கும், சொன்னா வரும். வீட்டுக் கரண்டுக்குத்தான் பயம்.”

புரியவில்லை என்றேன். ஆட்டத்தை நிறுத்தாமலே விளக்கினார். கரண்ட் இல்லாத நேரத்தில் யாராவது வீட்டில் ஜெனரேட்டர் போடுவார்கள். மெயினை இறக்கிவிட்டுப் போட வேண்டும். இறக்காமல் போட்டால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது, வந்த வழியே தெருக் கம்பிக்குப் போகும். கம்பியில் உயிர் இல்லை என்று நம்பி ஒருத்தன் மேலே கையை வைத்துக்கொண்டிருப்பான். இதைச் சொல்லி முடித்துவிட்டு, “ஏய், ஏய், விழுந்துட்டான் பாரு” என்று மறுபடியும் சிரித்தார்.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தது. தென்னையெல்லாம் தலை முறிந்து விழுந்தது. சம்பா நடவு தண்ணீருக்குள் போய்விட்டது, வரப்பு எது வயல் எது என்று தெரியவில்லை. போஸ்ட்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஊருக்கே கரண்ட் இல்லை. அவர் இருட்டு பிரியுமுன் போவார், இருட்டிய பிறகு வருவார். சட்டையெல்லாம் சேறாக வருவார். வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போனால் யாரும் மெயினைத் தொட மாட்டார்கள். அதோடு, வாசல் பல்பின் ஸ்விட்சைப் போட்டே வைத்திருப்பார்கள். கரண்ட் வந்த நிமிஷமே பல்பு காட்டிக்கொடுத்துவிடும், மோட்டாரைப் போட ஓடலாம். எந்தப் பக்கத்து லைனை முதலில் சரிசெய்கிறார்கள் என்பதில் தெருவுக்குத் தெரு ரோஷம் வேறு. அந்தப் புயலின்போதும் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பல்பு ஸ்விட்ச் கீழேதான் இருந்தது. லைன்மேன் வீடு என்று எங்கள் வீடு மட்டும் விதிவிலக்கில்லை.

அன்று காலை கிளம்பும்போது முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது.

“இன்னிக்கு நம்ம தெரு லைன்தான். வாய்க்காலுக்கு அந்தாண்ட கம்பி அறுந்து கிடக்கு. டிரான்ஸ்பார்மர்ல பீஸைப் புடுங்கிட்டு ஏறப் போறோம். இழுத்துக் கட்டிட்டு, கீழ இறங்கி, பீஸைப் போட்டா கரண்ட்டு. சாயங்காலம் உனக்கு மிக்சி ஓடும், போ.”

அவர் போய் வெயில் ஏறிய பிறகு குட்டி யானை வேனில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஓர் ஆள் தெருவுக்குள் வந்தார். புயல் நாட்களில் இது பெரிய தொழில். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை உள்ளே கொடுத்து, மோட்டாரை ஓட்டி மாடித் தொட்டியை ரொப்பிக் கொடுப்பார்கள். தொட்டி ரொம்பும்வரை தெருவிலுள்ள செல்போன்களுக்கெல்லாம் அங்கேயே சார்ஜ். முதலில் எதிர்வீட்டு அத்தை வீட்டில் நிறுத்தினார். ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. நான் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

எங்கள் வீட்டு வாசல் பல்பு எரிந்தது.

மங்கலாக, துடித்துத் துடித்து எரிந்தது. பக்கத்து வீட்டிலும் எரிந்தது. “கரண்ட்டு வந்துடுச்சு டோய்!” என்று யாரோ கத்தினார்கள். பிள்ளைகள் கையைத் தட்டின. ஒரு கணம் நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கீழே இறங்கித்தான் பீஸைப் போடுவோம் என்றாரே, அதற்குள் எப்படி முடித்தார் என்று யோசித்தேன். அப்போதுதான் ஜெனரேட்டர் திணறும் சத்தம் காதில் விழுந்தது. மோட்டாரோடு சேர்த்துத் தெருவையே இழுக்கிற திணறல்.

செல்போன் எங்கே விழுந்தது தெரியவில்லை. தெருவைத் தாண்டி ஓடி, அத்தை வீட்டு முன்சுவரில் மீட்டருக்குக் கீழே இருந்த மெயினை அடித்து இறக்கினேன். திரும்பிப் பார்த்தேன். எங்கள் பல்பு அணைந்திருந்தது.

“ஏன்டி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? வந்த கரண்ட்டை அணைக்கிற?” என்று அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

“வரல அத்தை! கரண்ட் வரல! உங்க கரண்ட்டுதான் கம்பில போவுது. அவங்க மேல இருக்காங்க!”

ஜெனரேட்டர்காரர் முகம் செத்துப்போனது. “கரண்டே இல்லாத ஊர்ல மெயின் எப்படி இருந்தா என்னன்னுட்டாங்கக்கா” என்று ஏதோ சொன்னார். முழுதாகக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.

வாய்க்கால் மதகுவரை செருப்பில்லாமல் ஓடினேன். புயல் தண்ணீர் மதகைத் தொட்டுக்கொண்டு போனது. எனக்குத் தண்ணீர் தெரியவில்லை, போஸ்ட் மட்டும்தான் தெரிந்தது. பெல்ட் அவரைப் போஸ்ட்டோடு பிடித்து வைத்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அறுந்த கம்பி அவர் கைக்குக் கீழே தொங்கியது. கீழே, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தர், கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கையை விரித்துத் தடுத்தார். “அம்மணி, கம்பிகிட்ட வராதீங்க!”

“என்னங்க” என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அந்த விளையாட்டில் இந்நேரம் அவன் எழுந்து நின்றிருப்பான் என்று மனசு பைத்தியம்போல நினைத்தது. எழுந்திருங்க, எழுந்திருங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கிராமத்து சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

இடது கை அசைந்தது. பிறகு தலை நிமிர்ந்தது. போஸ்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். வெளியூர்க்காரர் ஏணியைச் சாத்தி ஏறி, ஒவ்வொரு காலாகப் பிடித்துவைத்து இறக்கினார். தரையில் கால் பட்டதும் என்னைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல. லேசா அடிச்சுது. நீ ஏன் செருப்பில்லாம வந்த?”

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார்கள். வலது கை விரல்கள் மரத்துப்போனது மட்டும் சில நாள் இருந்தது. கிளவுஸும் பெல்ட்டும் போட்டதால் தப்பித்தார் என்றார்கள். அத்தை பால் சொம்போடு வந்து அழுதார். ஜெனரேட்டர்காரர் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரோ ஒருத்தரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “தெரியாம நடந்தது, விடு” என்றார். அவர் அத்தனை சாதாரணமாக இருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வீட்டில் பயப்படுவது என் ஒருத்தியின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்து, தண்ணீர் வடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் உதவிக்குக் கத்துகிறாள். நேரம் குறைந்துகொண்டே வருகிறது. ஹீரோ நிற்கும் கூரையிலிருந்து அவள் இருக்கும் கூரைக்கு நேராகக் கம்பி போகிறது. அவர் அவனைக் கம்பியில் ஏற்றவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துத் தரைக்கு இறக்கினார். ரோட்டைச் சுற்றி நடத்திக்கொண்டு போனார். போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. திரும்ப ஆரம்பித்தார். மறுபடியும் சுவர், மறுபடியும் ரோடு, மறுபடியும் தோல்வி. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவன் கால் தவறி விழுந்தாலே எழுந்து அடுப்படிக்கு ஓடுகிறவள் நான்தான் சொன்னேன்.

“விளையாட்டுதானேங்க. கம்பியிலயே போகச் சொல்லுங்களேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நகரத்தின் அத்தனை ஜன்னலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எந்த வீட்டுல மெயினை இறக்காம இருக்காங்கன்னு தெரியலையே” என்றார்.

அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டு அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லிட்டிருந்தது. மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.