மோதிரம் கொடுத்த கை

ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன போப்பாண்டவர்களோடும் ராஜாக்களோடும் குடும்பம் நடத்துவதுதான் என் தொழில். யாருக்கும் வேண்டாத விஷயத்தில் ஆராய்ச்சி செய்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், என் அவஸ்தை புரியும். எழுபதுகளில் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டே, ஐரோப்பாவில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி ஏழு வருஷம் எழுதினேன். பிஷப்புக்கு மோதிரமும் கோலும் கொடுத்துப் பதவியில் அமர்த்துவது போப்பாண்டவரா, ராஜாவா என்ற சண்டை. பல்கலைக்கழகம் கடைசி முறையாக ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தது. அதையும் கோட்டை விட்டால் டாக்டர் பட்டம் அம்பேல்.

அகராதி லத்தீன்

நான் லத்தீன் கற்றது அகராதியிடம். அதற்கு வாய் கிடையாது. வாய்மொழித் தேர்வில் மூலத்தை வாசிக்கச் சொல்வார்களே என்று பயந்து, மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊருக்கு பஸ் ஏறினேன். அங்கே தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த உபதேசியார் சூசை, மாதா கோயில் பூசை தமிழுக்கு மாறும்வரை முப்பது வருஷம் சாமியாருக்கு லத்தீனில் மறுமொழி சொன்னவர்.

மோதிரம் கொடுக்கையில் ராஜா சொல்லும் வரியை வாசித்துக் காட்டினேன்: "அக்கிப்பே எக்லேசியாம்." 'இந்தக் கோயிலை ஏற்றுக்கொள்' என்று அர்த்தம். சூசை கையில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளைத் தட்டிவிட்டு, சிரிக்காமல் என்னை இருபது தடவை திரும்பச் சொல்லவைத்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். அப்படி ஒரு காது எந்தப் பேராசிரியருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.

"'ஆச்சிப்பே'ன்னு சொல்லுங்க சார். அக்கிப்பேன்னா சாமிக்கே வெளங்காது."

கடலைக் காட்டில்

ஒரு மோதிரத்துக்கு ஏன் ஐம்பது வருஷம் சண்டை என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டிருந்தார். நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இன்னும் பதில் வரவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டு வரப்பில் போய் உட்கார்ந்தேன்.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பழனிச்சாமி, கடலைக் காட்டில் களை எடுக்கும் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர், என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. அவர்கள் ஊர்க் கோயிலில் மரியாதைக்குத் தலையில் பரிவட்டத் துணி கட்டும் தகராறில் மூன்று வருஷம் தேர் ஓடவில்லையாம். நாற்பது பக்கத்தில் எனக்கு வராததை வரப்பில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார்.

"துணி என்னத்துக்கு ஆகுமுங்க சார்? கட்டற கை யாருதுங்கறதுதானுங்க சங்கதி."

வாய்மொழித் தேர்வு

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வெளிநாட்டில் படித்தவர், கோட்டுப் போட்டவர். லத்தீன் வரியை வாசிக்கச் சொன்னார். சூசையை நினைத்துக்கொண்டு 'ஆச்சிப்பே' என்றேன். தலையாட்டினார். அடுத்து, "ஒரு மோதிரத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்றார்.

படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஏழு வருஷமும் போச்சு என்று நினைத்தபோது, பழனிச்சாமிதான் வாயில் வந்தார். பரிவட்டம், கட்டுகிற கை என்று அப்படியே சொன்னேன். என் பேராசிரியர் கூரையைப் பார்த்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டபடி, அதுவரை பேசிய தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தமிழில் சொன்னார்.

"எங்க அப்பாவுக்கு ஒரு வருஷம் கட்டாம விட்டாங்க. சாகற வரைக்கும் அவர் அந்தக் கோயில் படி மிதிக்கலை."

ஆக, ஐரோப்பாவை இன்றுவரை கண்ணால் பார்க்காத நான் அதில் டாக்டர் ஆனது, ஒரு தேயிலை ஃபாக்டரியிலும் ஒரு கடலைக் காட்டு வரப்பிலும்தான்.