நவோமி நடந்து வந்த சனிக்கிழமை

நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டின் ஆல்பத்தை என் மகள் அடிக்கடி இழுத்து வைத்துப் பார்க்கிறாள். அவளுக்கு ஐந்து வயது. பட்டுச் சேலையில் இருக்கும் அந்தப் பிள்ளை நான்தான் என்று அவள் நம்பவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். தலை பாரமாக இருந்தது என்கிறேன். இது பொய்யா, ஐந்து வயதுக்குப் போதுமான உண்மையா என்று பிறகு பாத்திரம் கழுவும்போது யோசித்துக்கொண்டிருப்பேன். உண்மையில் அன்று எனக்குப் பொறாமை. அந்தப் பொறாமைக்குக் காரணமானவள் ஆல்பத்தின் ஒரு படத்திலும் இல்லை.

நவோமி, வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய எல்லர்ஸ்லியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். யூதப் பிள்ளை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்கள் மெழுகுதிரி ஏற்றிச் சாப்பிட உட்காரும்போது சில தடவை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருமுறை அவர்களுடைய ரபியும் வந்திருந்தார். சமயச் சட்டத்தைப் படித்துச் சொல்பவர். எங்கள் ஐயரைப் போல ஒருவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓய்வு நாளில் பக்கத்து வீட்டு நாய் கொட்டிலுக்குள் அகப்பட்டுக்கொண்டால் பூட்டை உடைக்கலாமா என்று பேச்சு வந்தது. ரபி ஏதோ தீர்ப்புச் சொன்னார். நவோமி வாயில் பாணோடு, "நீங்கள் சொல்வது பிழை" என்றாள்.

நான் குனிந்து என் கோப்பையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் என்றால் அதற்குப் பிறகு ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது. ரபியோ கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அதில் பாதியை அவர் உடைத்தார். மீதிப் பாதிக்கு அவளுடைய அப்பா மகள் பக்கம் சேர்ந்துகொண்டார். சூப் ஆறும்வரை மூவரும் அந்த நாயை விடவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

பன்னிரண்டு வயதானபோது அவளுக்கு ஒரு சடங்கு வந்தது. அன்றிலிருந்து அவர்களுடைய கட்டளைகளுக்கு அவளே பொறுப்பாம். சபையின் முன்னால் நின்று, தானே எழுதிய பேச்சை வாசித்தாள். பிறகு அவளுடைய அப்பா எழுந்து, இவளுடைய பிழைகளுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்ததற்கு நன்றி என்று கடவுளுக்குச் சொன்னார். பெரும்பாலும் மகன்களுக்குத்தான் அதைச் சொல்வார்களாம். அவர் மகளுக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கைதட்டினேன், கை வலிக்கும் அளவுக்கு, யாரும் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக.

அதே வருடம் நான் பெரியபிள்ளையானேன். எனக்கு யாரும் பொறுப்பு ஒன்றும் தரவில்லை; நல்லெண்ணெயும் முட்டையும் தந்தார்கள். ஐயர் பஞ்சாங்கம் பார்த்து ஒக்டோபர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமையைச் சொன்னார். வீட்டிலிருந்து தொலைவில், பாபடோயிட்டோயில் மண்டபம். சேலையின் நிறத்தைப் பெரியம்மா முடிவுசெய்தார். நவோமியைப் போல நானும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று, அம்மா ஐயரோடு கதைத்துக்கொண்டிருந்த தொலைபேசியை வாங்கி, இதெல்லாம் ஏன் செய்ய வேண்டும், எனக்கு விருப்பமில்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். ஐயர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. சிரித்துவிட்டு, "அம்மாட்டைக் குடு பிள்ளை" என்றார். அப்பா கணினியிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. அம்மாதான், "அவளோட சேர்ந்து நல்லா வாய் காட்டப் பழகியிருக்கிறாய்" என்றார்.

நவோமியாவது வரட்டும் என்று அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழமையைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்தாள். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வு நாள். சட்டப்படி காரில் ஏறக்கூடாது. ஆனால் அவர்கள் வீட்டில் அதைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமைகளில் அவள் அப்பா எங்கள் இருவரையும் கடற்கரைக்குக் காரில் ஏற்றிப் போயிருக்கிறார். அதைச் சொன்னேன்.

"அப்பா ஓட்டுவார். நான் ஏறுவதை விட்டுவிட்டேன்."

"யார் விடச் சொன்னது? ரபியா?"

"ஒருவரும் சொல்லவில்லை."

அந்தப் பதில்தான் என்னைக் கொன்றது. தானே முடிவெடுக்க அவளுக்குக் கிடைத்த உரிமை எனக்குக் கிடைத்திருந்தால் முதல் வேலையாக அந்த மண்டபத்தை வேண்டாம் என்றிருப்பேன். இவளோ அதைக் கொண்டுபோய், அவள் வீட்டிலேயே யாரும் கடைப்பிடிக்காத ஒரு சட்டத்துக்குள் வைத்துப் பூட்டுகிறாள். ரபியிடம் கேட்டாளாம். போகாவிட்டால் குற்றமில்லை, வேறொரு நாள் போய் வாழ்த்து என்றாராம். சரி, வராதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாமா தண்ணீர் வார்த்தார். ஒன்பது சோடிப் பெண்கள் ஆலத்தி எடுத்தார்கள். கடைசிச் சோடி இறங்கிய பிறகு மண்டபத்துக் கதவு திறந்தது. நவோமி வந்தாள். முகம் செக்கச்செவேலென்று, நல்ல சட்டைக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து. பின்னால் அவளுடைய அப்பா, நெற்றியைத் துடைத்தபடி. எல்லர்ஸ்லியிலிருந்து கிரேட் சவுத் ரோட் வழியாக மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்தார்கள்.

மாமா ஓடிப்போய், கார் பழுதா என்று கேட்டார். கார் நன்றாக இருக்கிறது, வீட்டில் நிற்கிறது என்றார் அவர். பெரியம்மா, "மூண்டு மணித்தியாலம் நடந்தவை, வெறுங்கையோட வந்திருக்கினம்" என்று முணுமுணுத்தார். அன்று அவர்கள் தெருவில் ஒரு பொருளும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தல்கூடக் கூடாது. எனக்கு அது தெரியும். பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரே என்னைப் பார்ப்பதற்காக மூன்று மாதம் பாடுபட்டுப் போட்ட மணவறையில் நான் இருந்தேன். ஊர் அவளுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்கு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு மேடைக்கு ஏறி வந்தாள். படக்காரர் அவளை என் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஓய்வு நாளில் படம் எடுக்கக்கூடாது என்று தலையாட்டிவிட்டு, ஓரமாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"காரில் வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பாய்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "ஆனால் வராமல் இருக்கவும் முடியவில்லை."

நான் வீடியோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்கள் ஆளுக்கொரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போனார்கள்.

மண்டபத்தைத் துப்புரவாக்க அம்மா நின்றுவிட, அப்பா என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாதி வழியில், ஒட்டஹுஹு தாண்டும்போது அவர்களைக் கண்டோம். அவள் அப்பா ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். ஒரு டாக்ஸியை மறிக்க அவருக்குத் தடை ஒன்றுமில்லை. நவோமி கையை ஆட்டி ஏதோ வாதம் செய்துகொண்டிருந்தாள். அவர் மறுத்துத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

அப்பா காரை மெதுவாக்கினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நிப்பாட்டிக் கேட்டுப் பாப்பமோ? நீ சொல்லு."

"வேண்டாம், போங்கோ" என்றேன்.

அவள் ஏற மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு இருப்பது போல எனக்கு ஓர் அப்பா இல்லையே என்ற எரிச்சலில் சொன்னேன். அப்பா அதற்கு மேல் ஒரு சொல் கேட்கவில்லை. நான் சொன்னபடி போனார். மூன்று மாதமாக ஒன்றையும் என்னிடம் கேளாத மனிதர், தெருவோரம் காரை மெதுவாக்கி, முதன்முறையாக ஒரு முடிவை என்னிடம் விட்டிருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சீட்டில் குனிந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. இந்த வீட்டில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை என்று எல்லர்ஸ்லி வரும்வரை அழுதுகொண்டிருந்தேன்.