ஆட்டுத்தலையும் ஒரு நல்லுறவு அதிகாரியும்

உர்மத்தின் அடையாள அட்டையில் 'நிலைத்த வளர்ச்சி மற்றும் மக்கள் நல்லுறவு அதிகாரி' என்று போட்டிருக்கும். தங்கம் தேடி மலையைத் துளைக்க வந்த கம்பெனி கொடுத்த பதவி அது. எங்கள் தாஷ்-புலாக்கில் பிறந்தவன்தான். என்னோடு தலைநகர் பிஷ்கெக்கில் படித்தவன். எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்தப் படிப்பை நான் நிமிர்ந்து சுமக்கிறேன். அவன் கழுத்தில் அட்டையாகத் தொங்கவிட்டுக்கொண்டான்.

என்ன வேலை என்று கேட்டால், "மக்கள் சொல்வதைச் செவிமடுப்பது" என்பான். செவிமடுத்து ஊருக்குச் செய்தது இதுதான்: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பெனி பெயர் போட்ட தொப்பி, ஊற்றங்கரையில் 'தண்ணீரைக் காப்போம்' என்று ஒரு பலகை. துளைக்கப்போவது அந்த ஊற்றுக்கு நேர் மேலே.

போன ஆகஸ்டில் மேய்ச்சல் மேட்டில் கூடாரம் போட்டு, விருந்தோடு கூட்டம் வைத்தான். ஊர் கைதூக்கிச் சம்மதித்தால்தான் இயந்திரம் மேலே ஏறும். பனிக்கு முன் ஏறவில்லை என்றால் அவன் வேலை போய்விடும். அவனுடைய அப்பா தொக்தோசுன் கைதூக்கினால் ஊரே தூக்கும். அவருக்கு இந்தத் துளைப்பு பிடிக்காது. ஆனால் பெற்ற மகனாயிற்றே.

"அண்ணே, தூக்கிடுவீங்களா?" என்று புரூல் அத்தை அவரைக் கூடார வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"புள்ள பொழப்பு, தங்கச்சி."

"உங்க புள்ள பொழைக்க எங்க ஆடு சேத்துத் தண்ணி குடிக்கணுமாக்கும்."

அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கறி வந்தது. வெந்த ஆட்டுத்தலையை, விருந்தாளி என்று கம்பெனியின் வெளிநாட்டு மேலாளர் முன் வைத்தார்கள். அவர் அதன் பல்லைப் பார்த்து வெளிறி, தட்டை உர்மத் பக்கம் தள்ளினார். அவன் அதை அப்படியே அப்பாவிடம் நகர்த்தியிருக்க வேண்டும். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் ஆட்டுத்தலையில் கத்தி வைக்க மாட்டான். எங்கள் ஊரில் மூக்கொழுகும் பிள்ளைக்கும் இது தெரியும். நல்லுறவு அதிகாரி கத்தியை எடுத்தான். எங்கள் பண்பாட்டை மேலாளருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே காதை அறுத்து நீட்டினான். கண்ணைத் தோண்டித் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிறைந்த கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"தொக்தோசுன் அண்ணே, எப்போ செத்தீங்க?" என்றாள் புரூல் அத்தை. "சொல்லி அனுப்பியிருந்தா அழுதுட்டுப் போயிருப்போமே."

உர்மத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்பா, நான் இங்க கம்பெனி சார்பா உக்காந்திருக்கேன். அதான்..."

"உக்காருப்பா. கம்பெனிக்கு அப்பன் ஏது."

அதோடாவது எழுந்து அவர் கையைப் பிடித்திருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு, "சரி, சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றான்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டார்.

"செத்தவன் எப்படிப்பா கை தூக்குவான்?"

ஒரு கையும் எழவில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல் முகத்தைத் தடவிக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள்.

என்ன சொல்கிறார்கள் என்று மேலாளர் கேட்டார். "யோசிக்க இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டுமாம்" என்றான் எங்கள் செவிமடுப்பவன்.

பனிக்கு முன் இயந்திரம் லாரியேறிப் போனது. அவனும் போனான். தெற்கே வேறு மலையில், வேறு கம்பெனியில் அதே பதவி என்று கேள்வி. அங்கே அவன் அப்பா யாரென்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு அதுதான் வசதி.