எறா வேகும் நிறம்

என் வலது மணிக்கட்டில் அம்மாவின் பிடி இன்னமும் இருக்கிறது. ஈரமான, மீன் செதில் ஒட்டிய, நடுங்கிக்கொண்டிருந்த கை. நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில் மீன் விற்றுவிட்டு அப்படியே ஓடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம் அது. நான் பிளஸ் ஒன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அடம்பிடித்து சயின்ஸ் குரூப் வாங்கியிருந்தேன். வேதியியல் செய்முறைத் தேர்வு போனிலேயே என்றார்கள். அதில் தோற்றால் வேறு குரூப்புக்கு மாறிவிட வேண்டும் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திரையைத் தடவினால் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல், அந்தச் செய்முறைப் பாடத்தில் மட்டும் “பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன்” என்றே உளறியது. பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்கலாம் என்று கெமிஸ்ட்ரி மிஸ் அனுமதி வாங்கித் தந்ததால்தான் அம்மா வந்தாள்.

திரையில் பட்டனை அழுத்திப் பிடித்து, அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். லேசாகச் சிவப்பு ஏறி நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அம்மா என் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தாள். “இன்னும் தண்ணி மாதிரிதான் கீது... தண்ணிதான்... ஆங், வந்துச்சுடி! நல்லா வெந்த எறா கலரு!” போன் உடனே, “தவறு, இன்னும் ஒரு வாய்ப்பு” என்றது. பாவம், அவளுக்குத் தெரிந்த சிவப்பு சட்டியில் முழுசாக வெந்த சிவப்பு. இறாலை யார் அரைவேக்காட்டில் இறக்குவார்கள்?

“அய்யோ, உன் படிப்பக் கெடுத்துட்டேனே” என்று அழுதாள். எனக்கு அழக்கூடப் பயம். “எறா சூடு பட்டதுமே லேசா செவக்கும்னு சொல்லுவியேம்மா, அப்பவே சொல்லு” என்றேன். இந்த முறை அவள் வாயே திறக்கவில்லை. பயத்தில் குரல் வரவில்லை போல. திடீரென்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நிறுத்தினேன். போன் “சரி” என்று சொல்லும்வரை அவள் பிடியை விடவில்லை.

இப்போது அடையாறில், அதே மாதிரி போன் பாடங்களைச் செய்யும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லாப் பட்டனுக்கும் பெயர் வைத்தாயிற்று. நிறத்தையும் குரலே சொல்கிறது. ஆனாலும் பயம் போகவில்லை. “வெளிர் சிவப்பு” என்று குரல் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு சொட்டு விழுந்துவிடும். எங்கோ ஒரு பிள்ளை, பக்கத்தில் அம்மா இல்லாமல், தோற்றுப்போகும். அதனால் நிறம் மாறும் கணத்திலேயே போன் அதிர வேண்டும் என்று சண்டை போட்டுச் செய்ய வைத்தேன். நேற்று அதை அம்மா கையில் கொடுத்தேன். அவள் விரல்மேல் என் விரலை வைத்துக்கொண்டேன். சொட்டு விட்டாள். போன் அதிர்ந்ததும் பதறிப்போய்ப் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

“இன்னாடி, இதுவும் என்னாட்டம் பயந்துகினு கீது?”