சலவைத் தொட்டியும் டாக்டரின் கையுறையும்

பள்ளியில் பிரெஞ்சு படித்து முடித்த கையோடு, துணி ஆலையில் துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது. நல்ல பிரெஞ்சில் எடுத்துச் சொன்னால் எந்த அநியாயமும் வெட்கப்பட்டு விலகிவிடும் என்று நம்பிய வயது. அந்த நம்பிக்கையை ஆலை டாக்டர் இரண்டே தடவையில் தீர்த்துவைத்தார்.

சலவைப் பகுதியில் சோடாவும் சலவைத் தூளும் கலந்த தொட்டிக்குள் வெறுங்கையை விட்டுத்தான் துணியை இழுப்பார்கள். விரலிடுக்கு வெடிக்கும், புறங்கை உரியும். இதற்கு ஆலை கண்டுபிடித்திருந்த மகத்தான பரிகாரம், தோல் நோய் கண்டவனை வேலையை விட்டு நிறுத்துவது. அதனால் டாக்டர் வரும் நாளில் சலவை ஆட்கள் பக்கத்துச் சாயக் கொட்டகைக்கு ஓடி, நீலச் சாயத்தில் கையை முக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். நீலத்தில் புண் தெரியாது. டாக்டரும் தூரத்திலிருந்தே பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். துணியை வெளுக்கிறவன் கை ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்க, பாவம், அவ்வளவு பெரிய படிப்பு இடங்கொடுக்கவில்லை.

அன்று மட்டும் என்ன தோன்றியதோ, பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். வரிசையில் முதலில் நின்ற முதலியார்பேட்டைக்காரரின் கையைக் கழுவச் சொன்னார். மேஸ்திரி, அந்த மேதாவி, தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றினான்.

"ஐயோ, எரியுதுடா பாவி! உன் மூஞ்சில ஊத்திப் பாரு!"

சாயம் வெளுத்தது. புண் தெரிந்தது.

"சொறி. வெளியே அனுப்புங்கள்" என்றார் டாக்டர்.

நான் குறுக்கே விழுந்தேன். இது நோயே இல்லை, தொட்டி செய்கிற வேலை. உங்கள் கையில் இருப்பதைப் போல இவர்களுக்கும் கொடுத்தால் போதும் என்றேன். அவர் சிரித்தார். இந்த ஊர்த் தோல் தடித்த தோலாம், கையுறை தேவையில்லையாம்.

"என்னா சொல்றாரு முசே?" என்று கேட்டார் முதலியார்பேட்டைக்காரர். பிரெஞ்சு பேசுகிறவன் என்பதால் நான் அவர்களுக்கு 'முசே', அதாவது ஐயா.

"உங்க தோல் தடிச்ச தோலாம்."

"அப்ப ஏன் கிழியுதாம்? கேளுங்க."

கேட்டேன். டாக்டர் காதில் வாங்காமல் குழாயடியில் கையுறையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

முதலியார்பேட்டைக்காரரை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். வீட்டில் அடுப்பெரிய அந்த வேலை ஒன்றுதான். தொட்டிப் பக்கம் போகாததால் சில வாரத்தில் கை தானாக ஆறியது. ஆறிய கையோடு ஆலை வாசலுக்கு வந்து, "இப்ப காட்டுங்க முசே, தப்பு தொட்டியிலதான்னு" என்றார். எனக்கும் உற்சாகம் பொங்கியது. நேரே டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூரித்தார். தக்க சமயத்தில் தான் சொன்ன ஓய்வு பலித்துவிட்டதாம். பக்கத்தில் நின்ற ஆலைத் துரை டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதலியார்பேட்டைக்காரருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே தொட்டியில், வெறுங்கையோடு.