வேறு வீட்டுக் கக்கூஸ்

"புற்றுநோய் போய்விட்டது, வேலைக்குப் போகலாம்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். என் குடலிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கருப்பை வாயில் வந்த கட்டிக்காக அடிவயிற்றில் கரண்ட் வைத்தார்கள், அதாவது ரேடியேஷன். கட்டி கரைந்தது, கூடவே குடலும் வெந்துபோனது. எட்டு மாதம் ஆகியும் காலையில் நான்கு முறை, ஐந்து முறை. வருகிறது என்று தெரிந்தால் இரண்டு நிமிடம்தான் அவகாசம்.

யோசனைக்குப் பஞ்சமேயில்லை. மாதுளம்பழத் தோல், ஜவ்வரிசிக் கஞ்சி, மோரில் வெந்தயம். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் பெரிய டாக்டர்கள். என் வீட்டுக்காரர் இன்னும் சுலபமாக முடித்துவிட்டார்: "பேசாம விஆர்எஸ் குடுத்துட்டு வூட்ல இரு." விருப்ப ஓய்வாம்! அடேயப்பா, என்ன கரிசனம்! பதினாறு வருஷம் காண்ட்ராக்டில் மாடாக உழைத்து பர்மனென்ட் ஆனவள் நான். ஆனால் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வரிசையாக மூன்று நாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டிருந்தேன். நாலாவது நாளும் விட்டால் நானே விஆர்எஸ்ஸில் கையெழுத்துப் போடுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்புக்குப் பாதி வழியில் வயிறு முறுக்கியது. திரும்பி ஓடினேன். எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. அதே சுவர், அதே பின்கதவு, நுழைந்ததும் இடது பக்கம் கக்கூஸ். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, நுழைந்து, தாழ் போட்டேன். அப்பாடா என்று நிமிர்ந்தால் பக்கெட் சிவப்பு. எங்கள் வீட்டுப் பக்கெட் நீலம். ஒரு தெரு முன்னாலேயே திரும்பித் தொலைத்திருக்கிறேன்.

வெளியே வந்தால் நைட்டியில் ஒரு அம்மாள், கையில் துடைப்பத்தோடு.

"யாருங்க நீங்க?"

"பின்னாடி தெருங்க. எங்க வூடுன்னு நெனச்சு..." நோய், கரண்ட், பஸ், விஆர்எஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி முறுக்கியது.

"போங்க, போங்க! பஸ்ஸு இந்தத் தெரு வழியாத்தான் வரும். நான் பாத்துக்கிறேன்."

நன்றாகவே பார்த்துக்கொண்டார். உள்ளே இருந்த எனக்கு ஹாரன் கேட்டது. அதைவிடச் சத்தமாக அவர் குரல்: "டிரைவர் தம்பி, நில்லுப்பா! ஒரு அம்மா உள்ள ஒக்காந்துகினு இருக்காங்க. கேன்சர் வந்து பொழச்சவங்க. வவுறு சரியில்ல. அஞ்சு நிமிசம்!"

எட்டு மாதமாகக் கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம். மைக் ஒன்றுதான் குறை.

வெளியே வந்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது, ஜன்னலுக்கு ஜன்னல் முகம். வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் வீட்டுக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஏறிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கதவோர சீட்டில் இருந்தவர் எழுந்து, "இங்க ஒக்காருங்கம்மா, அவசரம்னா எறங்க சுளுவா இருக்கும்" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "எங்க நிறுத்தணும்னாலும் சொல்லுங்கக்கா" என்றார்.

உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.